நொச்சித் தலையணை

"வெட்கத்துக்கு மருந்து இருக்காம்மா?" என்று கேட்டார் மாசிலாமணி.

ஆவுடைத்தாய் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். வைத்தியமும் மந்திரிப்பும் அவளுக்குத் தாய்வழியில் வந்தவை. அவளிடம் கற்க வந்த மாசிலாமணி அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"சொல்லுங்க."

"புருஷனைக் கடலுக்குக் கொடுத்தாளே, செல்லக்கனி. நாற்பது நாளாப் பொட்டுத் தூக்கம் இல்லைன்னு வந்தா. நொச்சி இலை அடைச்சு, மந்திரிச்சு, ஒரு தலையணை கேட்டா."

"கொடுத்தீங்களே."

"கொடுத்தேன். உள்ளே நொச்சி இல்லைம்மா. வெறும் வைக்கோல்."

இஞ்சி தட்டிய கை நின்றது.

நொச்சிப் பாத்திக்குத் தண்ணீர் விடுவது அவர் பொறுப்பு. அவரோ கோடை முழுக்க ஊர் ஊராய்ப் போய்க் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். போன இடமெல்லாம் மாலை, மரியாதை. திரும்பி வந்து பார்த்தால் பாத்தியில் குச்சிகள்தான் நின்றன.

செல்லக்கனி வந்து கேட்டபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை. மந்திரத்தை மட்டும் உரக்கச் சொன்னார்.

"நல்லாத் தூங்கினேன்னு அவ வந்து சொன்னாளே?"

"சொன்னா. என் மந்திரம் பலிச்சிடுச்சுன்னு நானும் நாலு பேர்கிட்ட பீத்திக்கிட்டேன்."

"இப்ப என்ன?"

"வாசல்ல நிக்கிறா. நம்ம பாத்தி பட்டுப்போனதைப் பார்த்தாளாம். நட்டுக்கோங்கன்னு எங்கிருந்தோ ஒரு நொச்சிக் கொம்பு ஒடிச்சிட்டு வந்திருக்கா. கண்ணு ரெண்டும் கோவைப்பழமாச் சிவந்து கிடக்கு."

மாசிலாமணி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எந்த முகத்தோடம்மா அவ முன்னாடி போவேன்?"

ஆவுடைத்தாய் எழுந்தாள். மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்து நீட்டினாள்.

"குழி தோண்ட முகம் எதுக்கு?"

போனார். தோண்டினார்.

செல்லக்கனி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொம்பை நேராகப் பிடித்துக்கொண்டாள். அவர் மண்ணைத் தள்ளினார். தலை நிமிரவில்லை.

"தலையணையிலே இருந்தது வைக்கோல், தாயி."

"தெரியும் ஐயா. தலை வச்சதுமே தெரிஞ்சுது. வாசமே இல்லை."

"பின்னே ஏன் தூங்கினேன்னு சொன்னே?"

அவள் ஈர மண்ணை உள்ளங்கையால் அழுத்திவிட்டாள்.

"மந்திரம் சொல்லும்போது உங்க கை நடுங்குச்சு ஐயா. பாவமா இருந்துச்சு."