சகாயராணியின் குறடு

“டீச்சர், உங்க மிஷின் கோணல்.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் சகாயராணி சொன்ன முதல் வார்த்தை இது.

ஹாஜிரா நிமிரவில்லை. கார் இல்லாத கார் ஷெட்டில் சின்ன லேத் ஒன்றைப் போட்டு, மரத்தில் பேனா கடையச் சொல்லித்தருகிறவள். சகாயராணியைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். கான்வென்ட் பழக்கம், போகாது.

“பாருங்க இந்த லட்சணத்தை.”

கைப்பையிலிருந்து பேனாவின் உடலை எடுத்து மேஜையில் வைத்தாள். பூவரசு மரம். ஒரு பக்கம் தடியாக இருந்தது. மறுபக்கம் தேய்ந்துபோய், உள்ளே இருந்த பித்தளைக் குழாய் பல்லை இளித்தது.

“போன வாரமும் இப்படித்தானே?”

“எல்லா வாரமும் இப்படித்தான். சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி.”

சகாயராணியின் மகள் ஷெரினுக்கு வருகிற புதன்கிழமை கல்யாணம். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்தாயிற்று. அம்மாவும் மகளும் வாயைத் திறந்தால் சண்டை. அப்படிப்பட்டவள் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பூசை முடிந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட, அம்மா கையால் செய்த ஒரு பேனா.

நகை கேட்டிருந்தால் சமாளித்திருக்கலாம்.

போன் அடித்தது. ஷெரின்தான். சகாயராணி எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள்.

“கவுன்தான்டி! வெள்ளைப் புடவைன்னு இன்னொரு தரம் வாயைத் திறந்தே, பாரு. கிரீடம் வாங்கியாச்சு, கிளவுஸ் வாங்கியாச்சு. நீ உள்ள நுழைஞ்சு நிக்கறது மட்டும்தான் பாக்கி.”

கொஞ்சம் கேட்டாள். முகம் மாறியது. போனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“பேனா வேண்டாமாம். ஃபாதர் மேஜையில கிடக்கற பேனாவே போதுமாம்.”

ஹாஜிரா எழுந்து லேத்துக்கு வந்தாள். மரத்தைக் கோத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பியை உருவி எடுத்தாள். லேத்தின் வலதுபக்க முனையைத் தள்ளி, இடதுபக்க முனைக்கு நேரே கொண்டுபோனாள்.

ஊசிபோன்ற இரண்டு முனைகளும் மூக்கோடு மூக்கு உரசி நின்றன.

“கோணலா அக்கா?”

சகாயராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

“இல்லை. அப்ப அந்தக் கம்பிதான் வளைஞ்சிருக்கு.”

ஹாஜிரா கம்பியைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிவிட்டாள். துள்ளாமல், தட்டாமல் ஓடியது.

“அப்ப மரம் மட்டமான மரம்.”

ஹாஜிரா தன் பேனாவை எடுத்து நீட்டினாள். அதே பூவரசு. உருண்டையாக, வழவழவென்று.

“அப்ப நான்தான் கோணல்ங்கறீங்க?”

“நான் ஒண்ணுமே சொல்லலையே. மாட்டுங்க, நீங்க எப்பவும் மாட்டற மாதிரி.”

ஹாஜிரா உருண்டையாகக் கடைந்து வைத்திருந்த புதுத் துண்டைச் சகாயராணி கம்பியில் கோத்து, நுனியில் நட்டைப் பூட்டினாள். வலது முனையை நெருக்கும் கைச்சக்கரத்தைத் திருகினாள். அது நின்ற பிறகும் திருகினாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு குறடு எடுத்தாள்.

“இது எப்போ வந்துச்சு?”

“எங்க வீட்டுது. உங்க நட்டை விரலால திருகினா எனக்குத் திருப்தியில்லை. நீங்க அந்தப்பக்கம் பாக்கறப்ப இதுல ஒரு பிடி பிடிப்பேன். குக்கர் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, எல்லாத்துக்கும் இதுதான். எங்க வீட்டுல ஆடற சாமான்னு ஒண்ணு கிடையாது, தெரியுமா?”

பல்லைக் கடித்துக்கொண்டு நட்டை முறுக்கினாள்.

ஹாஜிரா பென்சில் ஒன்றை மரத்தருகே அசையாமல் பிடித்தாள். “கையால சுத்துங்க.”

மரம் சுழன்றது. ஒரு பக்கம் பென்சிலில் உரசிக் கோடு வாங்கியது. மறுபக்கம் தொடாமலே விலகிப் போனது. மறுபடி சுற்றினாள். மறுபடி அப்படியே.

“சேசுவே! இப்பத்தானே நேரா இருந்துச்சு?”

ஹாஜிரா கையை நீட்டினாள். குறடு வரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் வந்தது.

நட்டைத் தளர்த்தினாள். கைச்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் விட்டாள்; இறுக்கத்தில் வளைந்திருந்த கம்பி நிமிர்ந்தது. குறட்டை மேஜை டிராயரில் போட்டு மூடினாள். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக நட்டைப் பிடித்து, அது நிற்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டாள்.

“இவ்வளவு லூசாவா? கழண்டு ஓடிடாது?”

“கழண்டா தெரியும்ல. அப்பப் பிடிச்சுக்கலாம்.”

மரம் சுழன்றது. பென்சில் கோடு விடுபடாமல் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தது.

சகாயராணி உளியை எடுத்தாள். மரத்தூள் சுருள்சுருளாக மடியில் விழுந்தது. பித்தளை எங்கேயும் தலைகாட்டவில்லை.

மிஷினை நிறுத்தியதும் போன் அடித்தது.

“அம்மா, டெய்லர் நிக்கறார். கவுனை இன்னும் கொஞ்சம் பிடிக்கணும்னு நீ சொன்னியாம். எனக்கு இப்பவே மூச்சு முட்டுது. நீயே அவர்கிட்டப் பேசு.”

சகாயராணி வழக்கம்போல் மூச்சை இழுத்தாள். கண் அந்த நட்டின்மேல் போனது.

“நீ என்ன உடுத்திக்கறே, சொல்லு.”

“அம்மா... நீதானா பேசறது?”

“நான்தான்டி. வேற யாரு?”

ஷெரினின் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

“பேனா ஆச்சாம்மா?”