தெமேத்தரின் தானியக் குழி

“என் வீட்டு வாற்கோதுமை மட்டும் ஏன் கெட்டுப்போகிறது, தாயே?”

வந்ததும் வராததுமாக மிர்ரினே இப்படித்தான் கேட்டாள். இடுப்பில் கைக்குழந்தை. தலையில் முதற்பலன் மூட்டை.

கிரேக்க நாட்டில், எலியூசிஸ் ஊரில், விளைச்சலின் தேவி தெமேத்தருக்குக் கோயில். அறுவடை முடிந்தால் எல்லாரும் முதற்பலனை அங்கே கொண்டுவருவார்கள். முற்றத்துக் குழிகளில் அதைக் கொட்டி, களிமண்ணால் வாயைப் பூசிவிடுவார்கள்.

பூசாரிப் பெண் லிசில்லாவுக்கும் இவள் வயதுதான். மூட்டையை வாங்கிப் புதுக் குழியில் கொட்டினாள்.

மிர்ரினேவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நடந்துகொண்டே பேசினாள். பக்கத்து வீட்டுக்காரி உமியும் தூசியுமாகத்தான் காணிக்கை கொடுத்தாளாம். அவள் தானிய ஜாடியில் ஒரு வண்டுகூட இல்லையாம். இவள் பொறுக்கிப் புடைத்துக் கொடுத்தும், போன குளிரில் பாதி பூசணம் பூத்துவிட்டதாம். மருமகள் கால் வைத்த நேரம் என்கிறாளாம் மாமியார். இந்த வருஷமும் போனால் பால் வற்றிவிடும். பிள்ளை வசந்தத்தைப் பார்க்காது.

“தேவிக்கு என்மேல் என்ன கோபம்?”

“உன் ஜாடியை முறைத்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு வேலையா?”

லிசில்லா முற்றத்தின் மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு குழி. வாய்மேல் புல் முளைத்திருந்தது.

“போன வருஷம் நீ கொடுத்தது இதில்தான்.”

“நன்றாக இருக்கிறதா?”

“தெரியாது.”

“திறந்து பார்க்கவில்லையா?”

“நீ பார்ப்பாயா?”

“பார்க்காமல் இருப்பேனா? மழை வந்தால் பார்ப்பேன். மழை விட்டால் பார்ப்பேன். பிள்ளை தும்மினால்கூட ஓடிப்போய் ஜாடி மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்ப்பேன்.”

“இதை வந்து பார்த்தாயா?”

“இதை எதற்குப் பார்க்க? இதைத்தான் கொடுத்தாயிற்றே.”

லிசில்லா கடப்பாரையை எடுத்தாள். களிமண் உடைந்தது.

மிர்ரினே பிள்ளையை இறுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

உலர்ந்த மணிகள். நேற்றுத்தான் களத்திலிருந்து வந்ததுபோல.

“காற்றுப் பட்டுவிட்டது. இனி இது நிற்காது, இன்றே பங்கிட வேண்டும்” என்றாள் லிசில்லா. “உன் பங்குக்குச் சாக்கைப் பிடி.”

விளிம்புவரை நிரப்பிக் கட்டினாள். கட்டின்மேல் ஓர் உருண்டை ஈரக் களிமண்ணை வைத்தாள்.

“இது ஜாடி வாய்க்கா, தாயே?”

“துழாவுகிற உன் கைக்கு.”