பிரசங்கத்துக்கு வெளியே நின்றவர்கள்

தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு பழைய மாதா கோயில் இருந்தது. சுவர் ஒரு முழம் தடிமன், கூரை முழுக்க வௌவால். அந்தக் கோயிலில் பொருள்கள் எல்லாம் பேசும். ஒரு காலத்தில் செபமும் செய்தனவாம்.

அங்கே மூன்றாவது வரிசையில் ஒரு பலாமரப் பெஞ்சு. ஏழு பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தூசிதான் உட்கார்ந்தது.

ஒருநாள் ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. வருகிற ஞாயிறு பேனா வரும். பிரசங்க நேரத்தில் உள்ளே இருப்பவர்களை எண்ணும். முப்பது பேர் இல்லையென்றால் கோயிலைப் பூட்டிவிட்டு, எல்லாரையும் நாலுவழிச்சாலைப் புதுக் கோயிலோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது, ஆகவே பழைய பெஞ்சை விறகுக்குப் பிளக்கலாம். இந்தக் கடைசி வரி பெஞ்சின் காதில் மட்டும்தான் விழுந்தது.

புங்கமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். கோயில் பாதுகாப்புக் குழுவுக்குக் கோபுரத்து மணி தலைவர். திருவிழாவில் மாதாவைச் சுமந்து ஊர் சுற்றுகிற சப்பரம் செயலாளர். பேனரில் யார் படம் முதலில் என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்கள். கோயிலைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை.

பெஞ்சு மெல்லச் சொன்னது: "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம எல்லாரும் உள்ள வந்து உக்காந்தா போதும்லா."

சப்பரம் சிரித்தது. "மரத்துல செஞ்சவனுக்கு மூளையும் மரமாத்தானே இருக்கும்." தானும் மரம்தான் என்பது அதற்கு மறந்துபோயிற்று. மேலே பூசிய தங்கச்சாயம் அப்படி.

"உக்காருறது ஒரு வேலையாடே? மொதல்ல போராட்டத்தப் பாப்போம்" என்றது மணி.

ஞாயிறு வந்தது. ஒல்லியான நீலப் பேனா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள். கொடிமரம், ஸ்பீக்கர், மேளங்கள், குடைகள், திருவிழாவில் ஊருக்கே அசனச் சோறு வடிக்கிற அண்டாக்கள் எல்லாம். பெஞ்சு எண்ணிப் பார்த்தது. நாற்பத்தொன்று. இரண்டு அண்டாக்கள் அதன்மேல் நெருக்கி உட்கார்ந்தன. மூட்டெல்லாம் முனகியது. அந்த வலி அதற்குப் பிடித்திருந்தது.

பிறகு பிரசங்க மேடை வாயைத் திறந்தது. ஐந்து நிமிடத்தில் முடி என்று பெஞ்சு கெஞ்சியிருந்தது. அது கேட்குமா? கோயிலின் பெருமையைச் சொல்லியே கோயிலைக் காப்பாற்றப் போகிறதாம். முதல் சாமியார் கப்பலேறிய கதையில் தொடங்கியது. கப்பல் கரை சேருவதற்குள் மணி எழுந்து வெளியே போனது.

அந்த ஊர் வழக்கம் அது. பிரசங்கம் தொடங்கினால் வெளியே போய்க் காற்று வாங்க வேண்டும். அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்துக்குத் திரும்பி வந்தால் போதும். பூட்டன் காலத்துப் பழக்கத்தை ஒரு பேனாவுக்காக யார் விடுவார்? மணிக்குப் பின்னால் சப்பரம், அதற்குப் பின்னால் கொடிமரம், குடை, அண்டா.

பெஞ்சு காலை இழுத்து இழுத்து வாசலுக்கு ஓடியது. "அண்ணாச்சி, பேனா எண்ணப் போவுது. உள்ள வாங்க."

"நான் ஒருத்தன் இல்லாட்டி என்னடே? உள்ளதான் நாப்பது பேரு இருக்கானே" என்றது மணி.

அந்த நாற்பது பேரில் முக்கால்வாசி அதன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார்கள். ஆளாளுக்கு அதே பதிலைச் சொன்னார்கள். உள்ளே வந்தால் தன்னை யார் படிப்பார் என்று பேனர் கேட்டது. கொடிமரம் மட்டும் அக்கறையாகச் சொன்னது: "நீ போய் உள்ள இருல. இல்லாட்டி இன்னும் ஒண்ணு கொறஞ்சிரும்."

பெஞ்சு திரும்பி ஓடியது. பேனா எழுந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தது. தீர்த்தத் தொட்டி, இரண்டு மெழுகுத்திரித் தண்டு, பெஞ்சு, இன்னும் நாலைந்து. ஒன்பது.

அந்த நேரம் பார்த்து வெளியே ஸ்பீக்கர் முழங்கியது. விடமாட்டோம், விடமாட்டோம், கோயிலை மூட விடமாட்டோம். சத்தத்தில் வௌவால்கள்கூட வெளியே பறந்தன.

பேனா பெஞ்சின் பக்கம் குனிந்தது. "வெளியில அவ்வளவு கூட்டம் நிக்குதே, யாரு அவங்க?"

ஒரு பொய் சொன்னால் விறகாகாமல் தப்பிக்கலாம். தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்கள் என்று சொல்லலாம். பெஞ்சுக்குப் பொய் வரவில்லை.

"எங்க கோயில காப்பாத்த வந்தவங்க."

பேனா வாசல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்தது. "யார்கிட்டேருந்து?"

பேனா ஒன்பது என்று எழுதி மூடியைப் போட்டுக்கொண்டது. போகிற வழியில் மணி அதை மறித்து, நாற்பத்தொரு கையெழுத்துப் போட்ட மனுவைக் கொடுத்தது. ஒரு கையெழுத்துக்கூடக் குறையவில்லை.

புதன்கிழமை பூட்டு வந்தது. தகராறு வரும் என்று பயந்துதான் வந்தது. வாசலில் நின்று, உள்ளே இருக்கிறவர்கள் எல்லாம் வெளியே வாருங்கள் என்று குரல் கொடுத்தது.

ஒன்பது பேர் வந்தார்கள். மற்றவர்கள் பூட்டுக்கு அந்தச் சிரமத்தை வைக்கவே இல்லை.