நீல நெளிகோடு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஓட்டு வீடு. வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. உள்ளே அஞ்சாறு கம்ப்யூட்டர். அங்கே ஆவுடையம்மாள் என்று ஒரு டீச்சர் இருந்தார். ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொடுப்பார், கேட்டவர்களுக்கு எழுதியும் கொடுப்பார். வயசு முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அவரிடம் சிஷ்யனாக வந்து சேர்ந்த உச்சிமாகாளிக்கு நாற்பது முடிந்துவிட்டது. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

குரு சிஷ்யனை அண்ணாச்சி என்பார். சிஷ்யன் குருவை டீச்சர் என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் ரெண்டு பேருக்கும் வராது.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை வந்தால் ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார வேண்டும். அவர் எழுதியதை இவர் படித்துக் குறை சொல்ல வேண்டும். தன் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவது பெற்றவளுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் தெரியும் என்கிற கணக்கு. அதனால் எல்லாத் திரையும் ஒன்றுபோல இருக்க வேண்டும், யாரும் இஷ்டத்துக்குக் கலரை மாற்றக் கூடாது என்று டீச்சரே சட்டம் போட்டிருந்தார்.

எழுதுகிற திரையில், கோளாறு உள்ள வார்த்தைக்கு அடியில் நெளிநெளியாக ஒரு கோடு விழும். சிவப்பாக விழுந்தால் எரர். அதைத் திருத்தாமல் ப்ரோக்ராம் ஓடாது. பச்சையாக விழுந்தால் வார்னிங். ஓடும், ஆனால் ஒரு கண் வைத்துக்கொள் என்று அர்த்தம்.

வந்த புதிதில் மாகாளி கேட்டார்.

"டீச்சர், எரர் எது, வார்னிங் எதுன்னு டக்குனு எப்படிக் கண்டுபிடிக்கது?"

"கலரைப் பாருங்க அண்ணாச்சி. செவப்புன்னா நிக்கணும். பச்சைன்னா பாத்துப் போணும்."

"சரி டீச்சர்."

சரி என்று சொன்னாரே தவிர, அவர் கண்ணுக்கு ரெண்டும் ஒரே சாணி நிறம்.

அது பிறவியிலேயே உள்ளது. இளவட்டமாக இருந்தபோது ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தார். வீட்டில் கிடா வெட்டுவதாக நேர்ந்துகூட விட்டார்கள். மெடிக்கலில் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார்கள். பக்கம் பூராவும் பொட்டுப் பொட்டாக இருந்தது. உள்ளே என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார்கள். மாகாளிக்குப் பொட்டு தெரிந்தது. நம்பர் தெரியவில்லை. அதை அப்படியே சொன்னார். அதோடு போயிற்று வேலை. ஊருக்கு வந்து, "வடக்கே போட்டாங்க, சப்பாத்தி எனக்குச் சேராது" என்று சொல்லிவிட்டார். கல்யாணம் ஆகி வந்த பெண்டாட்டிக்கும் அதே கதைதான். அன்றைக்கு அடைத்த வாயை அவர் பிறகு திறக்கவே இல்லை.

இங்கேயும் திறக்கவில்லை. ஒவ்வொரு நெளிகோட்டின் மேலும் மவுஸைக் கொண்டு போய் நிறுத்துவார். சின்னதாக ஒரு பெட்டி விரிந்து, இன்னது கோளாறு என்று இங்கிலீஷில் சொல்லும். எரரா வார்னிங்கா என்று சொல்லாது. அதனால் எல்லாவற்றையும் தப்பு என்றே எடுத்துக்கொண்டு ஒன்று ஒன்றாகத் திருத்துவார். மற்றவர்கள் டீ குடிக்க எழுந்து போகும்போது அவர் பாதித் திரையில் நிற்பார்.

கிதியோன் என்று ஒரு பையன் பக்கத்து நாற்காலி. வாய் சும்மா இருக்காது.

"என்ன அண்ணாச்சி, மவுஸை வச்சு உழவு ஓட்டுதீயளா? ஈரம் காயுததுக்குள்ள விதைச்சிருங்க."

"ஓட்டுதேன்பா. உனக்கு நாத்து வேணும்னா சொல்லு."

சிரித்துவிட்டுத் திரும்புவார். உள்ளுக்குள் வேறு மாதிரி இருக்கும். நாம் எழுதுவது மட்டும் ஏன் அம்மை போட்ட பிள்ளை முகம் மாதிரி இருக்கிறது? மற்றவர்களுக்கு இவ்வளவு விழுவதாகத் தெரியவில்லையே? நமக்கு ஏறவில்லை போல.

அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். டீச்சர் அதே பதிலைச் சொன்னார். இன்னொரு நாளும் கேட்டார். அன்றைக்கு டீச்சர் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார்.

"கலரைப் பாருங்க அண்ணாச்சி."

"சரி டீச்சர்."

ஆடி மாசம் ஒரு பள்ளிக்கூடத்து வேலை வந்தது. பிள்ளைகளை ஏற்றி வருகிற வேன் எந்த இடத்தில் இருக்கிறது என்று பெற்றவர்கள் போனுக்குச் செய்தி போக வேண்டும். டீச்சர் அதை மாகாளியிடம் கொடுத்தார்.

"தனியாச் செய்யுங்க. இது ஓடிச்சுன்னா நீங்க இங்கயே இருக்கலாம். அடுத்து வாரவங்களுக்கு நீங்க சொல்லிக் கொடுக்கலாம்."

மாகாளி உயிரைக் கொடுத்து எழுதினார். ஒரு கோடு விடாமல் திருத்திக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரே ஒரு கோடு மிஞ்சியது. அதில் மவுஸை வைத்தால் வந்த இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடவில்லை. கிதியோனிடம் கேட்கலாம். கேட்டால், "செவப்பா இருக்கே, தெரியலையா" என்பான். யோசித்தார். பச்சை என்றால் பார்த்துப் போகலாம் என்று டீச்சர் சொன்னாரே, அந்தப் பச்சை இதுவாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டார்.

ஓட்டிப் பார்ப்பதற்குள் பள்ளிக்கூடத்து கிளார்க் வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ப்ரோக்ராம் ஓடவில்லை. மறுபடி ஓட்டினார்கள். ஓடவில்லை. டீச்சர் அவருக்குக் காப்பி கொடுத்து, திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினார்.

கிதியோன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, செவப்பு கண்ணு முன்னால நிக்குது. சில்லறைப் பச்சையெல்லாம் தொடைச்சு எடுத்துட்டு, இதைப் போயி விட்டுட்டீயளே."

"கவனிக்கல."

மாகாளி மவுஸை ஓரமாகத் தள்ளி வைத்தார். எழுந்து போய்த் தன் டீ டம்ளரைக் கழுவினார். அலமாரியில் கவிழ்க்காமல், துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

டீச்சர் பின்கட்டில் நின்றிருந்தார். அங்கே வேலி மேல் ஒரு கோவைக் கொடி அடர்ந்து கிடக்கும்.

"நான் வாரேன் டீச்சர். எனக்கு இது வராது. கடைக்கே போயிருதேன்."

"போலாம். அதுக்கு முன்னால அந்தக் கொடியைப் பாருங்க. பழம் எப்படி இருக்கு?"

மாகாளி கொடியைப் பார்த்தார். கோவைப்பழம் சிவப்பு என்று ஊரே சொல்லும். நேற்று அதில் நிறைய இருந்தது அவருக்குத் தெரியும்.

"நல்லாப் பழுத்திருக்கு டீச்சர். கொள்ளையா இருக்கு."

"காலையில கிளி வந்து எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிட்டு அண்ணாச்சி. ஒண்ணுகூட இல்ல."

மாகாளி தரையைப் பார்த்தார்.

"நேத்து கிதியோனுக்கு நீங்கதான் பறிச்சுக் கொடுத்தீய. எலையை விலக்கி, விரலால அமுக்கி அமுக்கிப் பாத்துப் பறிச்சீய. கண்ணு முன்னால தொங்குததை ஏன் தடவுதாருன்னு நெனச்சேன். அதோட விட்டுட்டேன். இன்னைக்குத்தான் உறைக்குது."

அவர் நிமிரவில்லை.

"எப்பத்துலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்ன எடத்துல வேலை கெடைக்கல டீச்சர்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டீச்சர் விரலை மடக்கி எண்ணினார்.

"மூணு தடவை கேட்டீய. மூணு தடவையும் கலரைப் பாருங்க, கலரைப் பாருங்கன்னேன்."

"ஆமா டீச்சர்."

"மூணு தடவையும் சரின்னீய."

"ஆமா."

"நல்ல குரு, நல்ல சிஷ்யன். வாங்க."

உள்ளே போய் மாகாளியை அவர் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். தான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மழைக்கு லீவு விட்டால் பெற்றவர்களுக்குச் செய்தி போகிற மாதிரி மாகாளி இன்னொரு பகுதி எழுதத் தொடங்கியிருந்தார். அதைத் திறந்து வைத்தார். திரை பூராவும் நெளிகோடு. பிறகு கலர் மாற்றுகிற இடத்துக்குப் போனார்.

கிதியோன் பார்த்துவிட்டான். "டீச்சர், கலரை மாத்தக் கூடாதுன்னு சட்டம்."

"போட்டவ நான்தானல. அண்ணாச்சி, இது என்ன மாதிரி தெரியுது?"

"சாணி."

"இது?"

"அதுவும் சாணிதான். இன்னும் கொஞ்சம் காயணும்."

கிதியோனுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டு நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

"நான் காட்டுததை விடுங்க. உங்களுக்கு எது பளிச்சுனு தெரியுதுன்னு நீங்க காட்டுங்க."

மாகாளி விரலை வைத்தார். "இந்த நீலம். மழை விட்டபொறவு வானம் இருக்குமே, அது."

"அதை எரருக்கு வச்சிருவோம். வார்னிங்குக்கு?"

"மஞ்சள் டீச்சர். மஞ்சள் எனக்கு எப்பவும் தெரியும்."

டீச்சர் ரெண்டையும் போட்டார்.

திரையில் நெளிகோடெல்லாம் ஒரு நொடியில் மாறியது. மஞ்சள், மஞ்சள், மஞ்சள். மேலேயிருந்து கீழே வரைக்கும் மஞ்சள். நடுவில் ஒரே ஒரு இடத்தில் நீலம்.

மாகாளி முன்னால் குனிந்தார். மேலேயிருந்து ஒரு தடவை பார்த்தார். கீழேயிருந்து ஒரு தடவை பார்த்தார்.

"இம்புட்டும் தப்பு இல்லையா டீச்சர்?"

"இல்ல. அதெல்லாம் பாத்துக்கோங்கன்னு சொல்லுதது."

"தப்பு ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"நான் எழுதினதுலயா?"

"நீங்க எழுதினதுலதான்."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அந்த நீலத்தைத் தானே திருத்தினார். கோடு மறைந்தது. அவர் பைக்குள்ளிருந்த டம்ளரைக் கிதியோன் எடுத்துக்கொண்டான். அவனே போய் டீ ஊற்றிக்கொண்டு வந்து வைத்தான்.

"அண்ணாச்சி, உழவு ஓட்டுதீயளான்னு கேட்டேன். மனசுல வைக்காதீங்க."

"வச்சிருந்தா என்னைக்கோ உன் மேல ஏர் ஓடியிருக்குமேப்பா."

வேன் ப்ரோக்ராமில் மிஞ்சியிருந்த கோட்டையும் மாகாளி டீச்சரிடம் கேட்டுத் திருத்தி வைத்திருந்தார். திங்கட்கிழமை கிளார்க் வந்தார். வேன் கடையநல்லூர் தாண்டும்போது அவர் போன் சிணுங்கியது. இலஞ்சிக்குள் திரும்பும்போது மறுபடியும் சிணுங்கியது. அவர் சந்தோஷமாகப் போனார்.

அன்றைக்கே டீச்சர் மற்ற எல்லாக் கம்ப்யூட்டரிலும் கலரை மாற்றிவிட்டார். எங்கும் தப்புக்கு நீலம், எச்சரிக்கைக்கு மஞ்சள். மற்றவர்கள் பழக்க தோஷத்தில் சிவப்பைத் தேடித் தடுமாறினார்கள்.

"டீச்சர், நீலத்துல தப்பு வந்தா பயமே வரமாட்டேங்கு" என்றான் கிதியோன்.

"ஏல, இம்புட்டு நாளும் பயந்து பயந்து நீ எதைத் திருத்துன?"

வெள்ளிக்கிழமை மாகாளி எல்லோருக்கும் முன்னாலேயே வந்துவிட்டார். கையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம். ரயில் வேலை ஏன் போயிற்று என்ற உண்மையை முந்தின நாள்தான் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தார். அவள், "இதுக்கா அந்தச் சப்பாத்தியை இத்தனை வருசமா ஏசுனீய" என்று கேட்டாளாம். முந்திரிக்கொத்து அப்புறம் அவளே உட்கார்ந்து சுட்டுக் கொடுத்தது.

டீச்சர் ஒன்றை எடுத்துக் கடித்தார். மாகாளி நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"எப்படிச் சொல்லுததுன்னு தெரியல. நீங்க செஞ்சதுக்கு நான் சாகுத வரைக்கும் நன்றியோட இருப்பேன். ஆனா ஒண்ணு. என் ஒருத்தன் கண்ணுக்காக ஊர்க் கண்ணையெல்லாம் மாத்தணுமா? அந்தப் பையன் பாவம், செவப்பைத் தேடித் தேடி அலையுதான். எனக்கு என் மிஷின் ஒண்ணு போதும். மத்ததுல பழையபடி செவப்பையும் பச்சையையும் வச்சிருங்க டீச்சர்."

டீச்சர் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார்.

"இன்னைக்கு என்ன கெழமை?"

"வெள்ளி."

"இந்த வாரம் நீங்க யாரு நாற்காலியில உக்காரணும்?"

மாகாளி கொஞ்சம் தயங்கினார். "உங்க நாற்காலியில."

டீச்சர் எழுந்தார். முந்தானையால் நாற்காலியைத் தட்டி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. வாரம் பூரா நான் எழுதினது அதுலதான் இருக்கு. என் தப்பு உங்க கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?"