வேரோடு பிடுங்கிய மைத்துனர்

கரடிமலைப் பாளையத்து ராஜா ரங்கமுத்து பூபதிக்குத் தூக்கம் வராத வியாதி. தூக்கம் வராத ராஜா சும்மா கிடப்பாரா? மந்திரியைக் கூப்பிட்டு மழை ஏன் பெய்யவில்லை என்பார். பாகனைக் கூப்பிட்டு யானை ஏன் கறுப்பு என்பார். ராஜா தூங்காத ஊரில் மற்றவன் எப்படித் தூங்குவான்? நல்லவேளையாக அரண்மனை வைத்தியர் ஒரு லேகியம் கிண்டினார். சுண்டைக்காய் அளவு உள்ளே போனால் போதும், ராஜா குறட்டை விடுவார். பாளையமே வைத்தியருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுக்கும்.

லேகியத்துக்கு முக்கியச் சரக்கு கஞ்சாப் பூ. அதற்கென்றே மலையடிவாரத்தில் அரண்மனைத் தோட்டம் ஒன்று இருந்தது. பயிர் வளர்ப்பவள் ஒச்சாயி. கூடமாட நாலு பெண்கள். காவலுக்கு ராணியின் தம்பி அழகுமல்லுவும் பன்னிரண்டு சேவகர்களும். ஐந்து பெண்கள் வளர்ப்பதைப் பதின்மூன்று ஆண்கள் காத்தார்கள். எவ்வளவு அக்கறையாகக் காத்தார்கள் என்றால், வருஷா வருஷம் விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது.

போன வெள்ளாமையில் நாலே மூட்டை. அடுத்த பயிர் இடுப்பளவு நிற்கும்போதே லேகியப் பானை காலி. ராஜா எட்டு நாள் தூங்கவில்லை. சபையைக் கூட்டினார்.

"ஒச்சாயிக்குக் கைராசி போயிருச்சு அத்தான்" என்றான் அழகுமல்லு, சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு.

வேலியே பயிரை மேய்கிறது என்று சபையில் அத்தனை பேருக்கும் தெரியும். ராணியின் தம்பியைக் குறை சொல்லிவிட்டு அரண்மனையில் எவன் சோறு தின்பது? எல்லோரும் மோட்டுவளையைப் பார்த்தார்கள்.

"இந்த வெள்ளாமையில் எட்டு மூட்டை வரவேண்டும்" என்றார் ராஜா. "அதே நிலம், அதே தண்ணீர். ஒரு செடி கூடுதலாக நடக் கூடாது. வராவிட்டால் ஒச்சாயி வீட்டையும் காட்டையும் விட்டுவிட்டு எல்லை தாண்டிப் போகட்டும்."

ஒச்சாயிக்கு இருந்ததே ஒரு குடிசையும் மூன்று குறுக்கம் புன்செய்க் காடும்தான். அரண்மனை ஓலைகளை எழுதுபவர் ராயசம் கும்பையா. அந்த உத்தரவை எழுதியவருக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலையிலேயே தோட்டத்துக்குப் போனார்.

"விளைச்சல் எதனாலம்மா கெடுது?"

ஒச்சாயி காவல் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். கொட்டகைக்குள் ஒரே புகை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதைச் சொன்னா என் தலை போகும் சாமி. செடியைப் பத்தின்னா சொல்றேன். இதுல ஆணு பொண்ணு உண்டு. ஆணு நின்னா பொண்ணுச் செடி காய் கட்டிரும். பூவெல்லாம் விதையாப் போகும். ஆணைக் கண்டதும் வேரோட புடுங்கி வெளியே எறியணும். நாங்க புடுங்கப் போனா காவக்காரங்க வெரட்டுறாங்க."

"ஆண் செடியில் அவங்களுக்கு என்ன?"

"அதுவும் புகையும்ல சாமி?"

கும்பையா 'ஆணைக் கண்டதும் வேரோட' என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நேரே அரண்மனைக்கு நடந்தார்.

"மகாராஜா, எட்டு மூட்டைக்கு வழி கிடைத்துவிட்டது. தோட்டத்தில் ஆண் நின்றால் விளைச்சல் கெடுமாம். ஒச்சாயி பிடுங்கிப் போட ஒரு உத்தரவு வேண்டும்."

"எழுதும் ஓய்!"

"செடிதானே, புடுங்கட்டும்" என்று அழகுமல்லுவும் பெருந்தன்மையாகச் சொன்னான்.

கும்பையா எழுதினார். 'அரண்மனைத் தோட்டத்துக்குள் இனி ஆண் எதுவும் நிற்கலாகாது. கண்ட இடத்தில் வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே எறிய ஒச்சாயிக்கு அதிகாரம் உண்டு. தடுப்பவர் எவராயினும் ராஜதுரோகி.' ஒன்பது நாள் தூங்காத ராஜா படிக்காமலே முத்திரை குத்தினார்.

மறுநாள் மத்தியானம் அழகுமல்லு ஓடிவந்தான். தலைப்பாகையைக் காணோம். முதுகெல்லாம் புழுதி.

"அத்தான்! அந்தப் பொம்பளைங்க என்னைக் கட்டிலோட தூக்கி வரப்புக்கு வெளியே கொட்டிட்டாங்க! சேவகனுங்க தடுக்க வந்தா அந்த ஒச்சாயி ஓலையைக் காட்டுறா. அவனுங்களும் தப்பிச்சோம் பிழைச்சோம்னு ஓடிட்டானுங்க!"

ராஜா கும்பையா பக்கம் திரும்பினார். "என்ன ஓய் இது? நான் செடியைத்தானே சொன்னேன்?"

"மகாராஜா மனதில் செடி இருந்திருக்கலாம். ஓலையில் இல்லை. 'ஆண் எதுவும்' என்றுதான் இருக்கிறது."

"சரி, கட்டிலோடு எதற்கு?"

"வேரோடு என்று எழுதியிருந்தேன். மைத்துனர் அங்கே எழுந்து நின்று ஒச்சாயி பார்த்ததே இல்லையாம். கட்டில்தான் வேர் என்று நினைத்துவிட்டாள்."

"உத்தரவை மாத்துங்க அத்தான்!"

"மாற்றலாம்" என்றார் கும்பையா. "முத்திரை குத்தியதை மறுநாளே அழித்தார் என்று ஊர் சொல்லும், அவ்வளவுதான். அறுவடை வரை பொறுத்தருள வேண்டும். எட்டு மூட்டை வராவிட்டால் ஒச்சாயியோடு நானும் எல்லை தாண்டுகிறேன்."

ராஜா தாடியைத் தடவினார். பொறுப்பதாகச் சொன்னார்.

அறுவடை வரைக்கும் ராஜாவைவிடக் குறைவாகத் தூங்கியவர் கும்பையாதான். ஒருவழியாக வண்டிகள் அரண்மனை முற்றத்தில் வந்து நின்றன. பதினோரு மூட்டை.

ராஜா தாமே ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "பிடுங்கிப் போட்டது போக மிச்சச் செடியில்தானே இவ்வளவும்? எப்படி ஓய் கூடிற்று? செடியைப் பிடுங்கியதாலா, என் மைத்துனனைப் பிடுங்கியதாலா?"

சபை மறுபடியும் மோட்டுவளையைப் பார்த்தது. இந்தத் தடவை அழகுமல்லுவும் பார்த்தான்.

"இரண்டும்தான் மகாராஜா" என்றார் கும்பையா. "ஆண் செடி நின்றால் பூவெல்லாம் விதையாய்ப் போகிறது. ஆண்பிள்ளை நின்றால் பூவெல்லாம் புகையாய்ப் போகிறது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று குறுக்கம் காட்டையும் தலைமுறைக்கும் ஒச்சாயிக்கே எழுதிக் கொடுக்கச் சொன்னார். கும்பையாவுக்குப் பட்டுச் சால்வை. அழகுமல்லுவுக்கும் ஒரு பதவி கிடைத்தது. உப்புக் கிடங்குக் காவல்.

உப்பைப் புகைக்க முடியாதாம். ராஜா வைத்தியரிடம் கேட்டுக்கொண்டுதான் நியமித்தார்.