மேலாடையைத் தின்ற கொல்லை

ஒரு காலத்தில் மருதவள நாட்டை மணிமுடியான் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு.

ஒருநாள் அரண்மனைத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்கலங்கிப் போனார். "எங்கம்மா இருந்தப்போ இங்கே கொண்டலாத்திக் குருவி வரும். கொண்டையை விசிறி மாதிரி விரிச்சுக்கிட்டு மண்ணைக் கொத்தும். நான் தவழ்ந்தே பின்னால் போவேன். இப்போ ஒன்றையும் காணோமே!"

தோட்ட அதிகாரி மகுடேசன் முந்திக்கொண்டான். "எல்லாம் தோட்டக்காரி சடைச்சியால்தான் பிரபு! மூன்று வருஷமாக ஒரு சருகு விடாமல் கூட்டி, சாணி படாமல் தோட்டத்தைக் கண்ணாடியாய் வைத்திருக்கிறேன். இவள் குடிசைக் கொல்லையில் யானைச் சாணத்தையும் அழுகின இலையையும் குவித்திருக்கிறாள். அந்த நாற்றத்துக்கு எந்தக் குருவி வரும்?"

"அப்படியா? குடிசையைப் பிரித்துப் போடு!"

பக்கத்துப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த சடைச்சி எழுந்து ஓடி வந்தாள். அந்தக் குடிசையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. ராஜாவின் அம்மா, பெரிய ராணி, ஞாபகம் வந்தது. அந்த மகராசி சாணிக் கூடைக்குத் தானே ஒரு கை கொடுத்துத் தூக்கிவிடுவாள். தங்க வளையலெல்லாம் சாணியாகிவிடும், சிரிப்பாள்.

கும்பிட்டாள் சடைச்சி. "மகாராஜா, உங்க மேலாடையை ரெண்டாக் கிழிச்சுக் குடுங்க. ஒரு பாதியை இந்தத் தோட்டத்துல புதைப்போம், இன்னொண்ணை என் கொல்லையில. நாற்பத்தெட்டு நாள் கழிச்சுத் தோண்டுவோம். எந்த மண்ணு நல்ல மண்ணுன்னு துணியே சொல்லும்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்தது. கிழித்துக் கொடுத்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் சபையே திரண்டது. தோட்டத்தில் தோண்டினார்கள். துணி அப்படியே இருந்தது. "பார்த்தீர்களா பிரபு! துவைத்தால் இன்றைக்கே உடுத்தலாம்!" என்று குதித்தான் மகுடேசன்.

கொல்லையில் தோண்டினார்கள். ஜரிகைக் கரையும் நாலு நூலும்தான் மிச்சம்.

"ராஜவஸ்திரத்தையே நாசம் பண்ணிவிட்டாளே!"

"நான் தின்னலீங்க அதிகாரி. இங்கே குடியிருக்கிறதுங்க தின்னுச்சு. கண்ணுக்குத் தெரியாததுங்க சாணியையும் இலையையும் தின்னுது. அதுகளைப் பொடிப்பூச்சி தின்னுது, பொடிப்பூச்சியைப் பெரிய பூச்சி தின்னுது. அதைத் தேடித்தான் குருவி வருது. உங்க மண்ணு ரொம்பச் சுத்தம். துணியைத் தின்னக்கூட அங்கே ஒரு வாய் இல்லை. உலை வைக்காத வீட்டுக்கு விருந்தாளி வருவாங்களா?"

"எங்கேடி உன் குருவி?" என்று மடக்கினான் மகுடேசன்.

"தினமும் வருது. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது யாரு? சத்தம் போடாம ஒதுங்கி நில்லுங்க."

எல்லோரும் வாழைமறைவில் ஒடுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வந்தது கொண்டலாத்தி. கொண்டையை ஒருதரம் விரித்து மூடி, நீள மூக்கை மண்ணில் விட்டு ஒரு கொழுத்த புழுவை இழுத்தது. ராஜா மூச்சுவிடாமல் பார்த்தார். அது பறந்த பிறகு ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தார். அம்மா மடிவாசம் அடித்தது போலும். வெகுநேரம் கையை உதறவே இல்லை.

"குடிசை உன்னுடையது சடைச்சி. தோட்டமும் இனி உன் பொறுப்பு. மகுடேசா, யானைக் கொட்டிலிலிருந்து தினம் பத்துக் கூடை நீயே சுமந்து வா."

மகுடேசன் பட்டு அங்கியைப் பார்த்துக்கொண்டான். "பிரபு... கூடையை எந்தக் கையால் பிடிப்பது?"

சடைச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "ரெண்டு கையாலயும் பிடிங்க அதிகாரி. ஈரச் சாணி, ஒழுகும்."