சிப்பிமுனைக் கிணறு

தணிகாசலத்துக்கு அறுபத்தேழு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தைந்து. ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

குரு என்றால் காவி கட்டியவர் இல்லை. ஜுலைகா டீச்சர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய முன்னோர்கள் பாய்மரக் கப்பல் ஓட்டியவர்கள். அவர்கள் வரைந்து வைத்த கடற்கரைப் படங்களும் பயணக் குறிப்புகளும் ஒரு தகரப் பெட்டி நிறைய அவர் வீட்டில் இருந்தன. முப்பத்தாறு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற தணிகாசலம், இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் வந்து அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

அன்று புதன்கிழமை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“டீச்சர், உங்க பாட்டன் பூட்டன் வரைஞ்ச சிப்பிமுனைப் படம் தப்புன்னு ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்க.”

“உக்காருங்க, சார்.”

“உக்கார வரல.”

சிப்பிமுனை அறுபத்து மூன்று வீடுகள் உள்ள மீனவர் குப்பம். அந்த மணலில் இறால் பண்ணை வைக்க ஒரு பெரிய மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு எடுத்த சர்வே படத்தில் அங்கே ‘குடியிருப்பு இல்லை’ என்று எழுதியிருக்கிறது, ஆகவே நீங்கள் பிறகு வந்து இடத்தைப் பிடித்தவர்கள், காலி செய்யுங்கள் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை விசாரணை. அந்தப் படத்தை வரைந்தவர் தணிகாசலம்.

“காலையில பத்துப் பொம்பளைங்க என் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. தெருவே வேடிக்கை பாக்குது. உங்க பாட்டன் படத்தோட நகலை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, ‘எங்க ஊரு உங்க கண்ணுக்கு மட்டும் தெரியலையா’ன்னு ஒருத்தி கேக்குறா. என்னைப் பாத்து. யார் கொடுத்தது அந்த நகலை?”

“நான்தான் கொடுத்தேன்.”

கோபம் வந்தால் தணிகாசலத்துக்கு முதலில் காது சிவக்கும். இரண்டு காதும் சிவந்தன.

டீச்சர் பெட்டியைத் திறந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்துப் படித்தார். “‘ஆடி மாதம். முனையில் தண்ணீர் ஏற்றினோம். குடிசை பதினெட்டு. கிணறு ஒன்று. நல்ல தண்ணீர்.’ இருநூறு வருசத்துக்கு முந்தி எழுதினது, சார்.”

“கப்பல்காரன் ஆயிரம் எழுதுவான். நான் சங்கிலி பிடிச்சு அளந்தவன். ரெண்டு நாள் அந்த மணல்ல அலைஞ்சிருக்கேன். ஈ காக்கா இல்ல.”

“எந்த மாசம் போனீக?”

“மார்கழி. வெயிலுக்குப் பயந்து கடற்கரைப் பக்கமெல்லாம் மார்கழியிலதான் அளப்போம். எங்க வழக்கம் அது.”

“மார்கழியில வாடைக்காத்து. சிப்பிமுனை இருக்குற வடகடல்ல வள்ளம் இறக்க முடியாது. அந்தக் காலத்துல எல்லாம் ஓலைக் குடிசை. பிரிச்சு, கம்பும் கீத்தும் வள்ளத்துல ஏத்திக்கிட்டு, ஒரு ஆள் விடாம தென்கடல் கரைக்குப் போயிருவாக. பங்குனியிலதான் திரும்புவாக. இந்தக் கரையில யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாக.”

“என்கிட்ட யாரும் சொல்லல.”

“நீங்க யாரைக் கேட்டீக?”

“கேக்க அங்க ஆள் இருந்தாத்தானே, டீச்சர்?”

இப்படி ஒரு பதிலைக் கேட்டால் யாருக்கும் ஆத்திரம் வரும். ஜுலைகாவுக்கும் வந்தது. குருவுக்குக் கோபமே வராது என்கிறவர்கள் எந்தக் குருவோடும் ஒரு நாள் இருந்ததில்லை. அவர் குறிப்பேட்டைப் பட்டென்று மூடினார். தணிகாசலத்தை வெளியே வரச்சொல்லி, கதவைச் சாத்திப் பூட்டினார். சாவி அவர் கையில் இருந்தது. தெருவில் நல்ல வெயில்.

“இந்த வீட்டை எழுதுங்க, சார். உள்ள யாரும் இல்ல. குடியிருப்பு இல்லைன்னு எழுதுங்க.”

“விளையாடாதீங்க.”

“அறுபத்து மூணு வீடு போகப்போகுது. எனக்கு விளையாட்டா? எழுதுங்க.”

“பூட்டு தொங்குதே. பூட்டின வீட்டை ஆளில்லாத வீடுன்னு எந்த மடையன் எழுதுவான்?”

“சிப்பிமுனையில பூட்டு எதுவும் பாக்கலையா?”

“வீடே இல்லைங்கறேன். பூட்டு எங்கேருந்து வரும்?”

“ரெண்டு நாள் என்ன தண்ணி குடிச்சீக?”

“கிணறு இருந்துச்சே. அளக்கப் போன ஏழு பேரும் அதுலதான் குடிச்சோம். என் படத்தைப் பாருங்க, வட்டம் போட்டுக் காட்டியிருக்கேன். என் சர்வேயில ஒரு கிணறு விட்டுப்போனதுன்னு எவனும் சொல்ல முடியாது.” சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

“மணல் விழுந்து தூர்ந்து கெடந்துச்சா?”

“இல்லையே. தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மேல பனையோலை போட்டு, சுத்திலும் கல்லு வச்சு...”

அதோடு நிறுத்திக்கொண்டார். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. தெருவில் ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

“நான் பொய் எழுதல, டீச்சர்.” குரல் இறங்கியிருந்தது. கோபம் இறங்கவில்லை. அது யார் மேல் என்றுதான் இப்போது அவருக்குத் தெரியவில்லை. “கண்ணுல பட்டதை எழுதினேன். நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி போய் அது தப்புன்னு சொன்னா, நான் போட்ட ஒவ்வொரு கோட்டையும் சந்தேகப்படுவாங்க. முப்பத்தாறு வருஷமும் போச்சு. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்.”

டீச்சர் பூட்டைத் திறக்கவில்லை.

“கடைசி நாள் அந்தக் கிணத்தை எப்படி விட்டுட்டு வந்தீக?”

“எப்படின்னா? ஓலையைப் பழையபடி போட்டு, கல்லை எடுத்து வச்சு, மூடிட்டுத்தான் வந்தேன். நானே என் கையால மூடினேன். நல்ல தண்ணியைத் திறந்து போட்டுட்டு வர நான் என்ன...”

“யாருக்காக மூடினீக, சார்?”